கப்பலுக்கு இடம் கேட்டவன்

கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு நீச்சல் தெரிய வேண்டாம், கெஞ்சத் தெரிந்தால் போதும். எண்பதுகளில் இரும்புலியூரில் குடியிருந்துகொண்டு, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி மெட்ராஸ் துறைமுகம் போய், "எங்க கப்பல் வந்தாச்சு, நிறுத்த இடம் கொடுங்க" என்று கேட்பதுதான் என் உத்தியோகம். அடுத்தவருக்காக க்யூவில் நின்றவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

கப்பலில் மாப்பிள்ளை

மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை என்று கல்யாணத் தரகர் சொல்லி வைத்திருந்தார். சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பெண் பார்க்கப் போனால், பெண்ணின் அப்பா எடுத்ததும், "வருஷத்துல எத்தனை மாசம் கடல்ல இருப்பீங்க?" என்றார். கரையில்தான் வேலை, கப்பல் வரும் நேரத்தை எழுதிக் கொடுத்து இடம் கேட்பேன் என்று உள்ளதைச் சொன்னேன்.

"ஓஹோ, பஸ் ஸ்டாண்ட் டைம் கீப்பர் மாதிரி" என்றபடி அவர் மனைவியைப் பார்த்தார். வந்துகொண்டிருந்த கேசரித் தட்டு பாதி வழியில் நின்றது. சரி, கிளம்பலாம் என்று நான் செருப்பைத் தேடியபோது உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது: "தினமும் வீட்டுக்கு வர்றவர்தானேப்பா? அது போதும்."

சமையல்காரரின் வயிறு

உரக் கப்பல் ஒன்று, உள்ளே இடமில்லாமல் கடலில் நங்கூரம் போட்டு ஆறு நாள் நின்றது. ஏழாம் நாள் காலை, கப்பலின் சமையல்காரருக்குத் தாங்க முடியாத வயிற்று வலி என்று ரேடியோவில் செய்தி வந்தது. துறைமுக அதிகாரி, "இடத்துக்கு நான் எங்கே போவேன்?" என்று கையை விரித்தார். ஆளையாவது இறக்க விடுங்கள் என்று ஆபீஸ் ஆபீஸாக ஓடிக் கையெழுத்து வாங்கி, மோட்டார் படகில் நானே போனேன்.

என் கையைப் பிடித்த மனிதர் கரை வரும்வரை விடவில்லை. அவர் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். நானும் தமிழில் "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எனக்கே நம்பிக்கையில்லை. குடல்வால் வெடிக்க இருந்ததாம். ஆபரேஷன் செய்து காப்பாற்றிவிட்டார்கள்.

மறுநாளும் கப்பலுக்கு இடம் கிடைக்கவில்லையே என்று நான் புலம்ப, படகு ஓட்டிய முனுசாமி சொன்னார்: "கப்பலுக்கு எடம் கெடைக்கலன்னா இன்னா சார், ஆளுக்கு பெட் கெடச்சுதுல்ல, வுடு."

எதிரி

எந்தக் கப்பலுக்கு எந்த இடம் என்பதைத் தினமும் ஒரு கூட்டத்தில் முடிவு செய்வார்கள். வராத ஏஜென்டின் கப்பல் வரிசையில் பின்னால் போய்விடும். ஒருநாள் கிண்டி தாண்டியதும் மின்கம்பி அறுந்து ரயில் நின்றது. குதித்து, தண்டவாளத்தோடு நடந்து, பஸ் பிடித்து, வியர்வையோடு நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. எட்டு நாள் காத்திருந்த கப்பல். கேப்டனுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் சுவரோரம் நின்றேன்.

வேறொரு ஏஜென்ட் ஆபீஸின் டேவிட் என்னிடம் வந்தார். ஒவ்வொரு இடத்துக்காகவும் என்னோடு மூன்று வருஷமாகச் சண்டை போடுகிறவர். "உங்க கப்பலுக்கு நாளைக்குக் காலைல இடம். நான் பேசிட்டேன்" என்றார். எனக்காக நீங்கள் எதற்குப் பேசினீர்கள் என்று கேட்டேன். அவர் ஃபைலைக் கக்கத்தில் செருகிக்கொண்டே சொன்னார்: "நானும் குரோம்பேட்டைலேருந்து அதே லைன்லதான் சார் வர்றேன்."

கப்பல் நேரத்துக்கு வந்தால் கேப்டன் கெட்டிக்காரர், தாமதமானால் ஏஜென்ட் உதவாக்கரை என்பதுதான் இத்தனை வருஷத்தில் நான் முழுதாகப் புரிந்துகொண்ட ஒரே கடல் சட்டம்.