அத்தையின் ஆடு மேய்ந்த புளியங்கன்று

என் புளியங்கன்றுக்கு ஐந்து வளைவுகள். ஐந்தும் ஒரே அளவு. அலுமினியக் கம்பியை அடியிலிருந்து நுனிவரை சுற்றி, ஸ்கேல் வைத்து அளந்து, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று வளைத்திருந்தேன். ஆலங்காயத்தில் எங்கள் பக்கத்துத் தெருவில், தன் வீட்டு மொட்டைமாடியில் போன்சாய் சொல்லிக்கொடுக்கும் பெண்மணி அந்தத் தொட்டியை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார்.

“இன்னா சார் இது, மாடிப்படி கட்டி வெச்சிருக்கீங்க?”

என்னோடு படிக்கும் ஐந்து பேரும் சிரித்தார்கள். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், அதில் நான்தான் மூத்தவன். காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்குச் சமமான இடைவெளியைக் குற்றம் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அன்று காலையிலிருந்தே எனக்கு மனம் சரியில்லை. தொட்டியின் அடியில் இரண்டே துளைகள்தான் இருக்கின்றன, தண்ணீர் தேங்கி வேர் அழுகிவிடுமோ என்ற கவலை. இப்போது இதுவும் சேர்ந்துகொண்டது.

மரம் அப்படி வளராது என்று அவர் பொறுமையாக விளக்கினார். முதல் வளைவு வேருக்குப் பக்கத்திலேயே பெரிதாக வர வேண்டும். மேலே போகப் போக வளைவுகள் சிறுத்து நெருங்க வேண்டும். ஓடை இறங்கிவருவதுபோல, யாரும் தீர்மானித்துச் செய்ததாகத் தெரியாமல் இருக்க வேண்டும். கம்பியைக் கழற்றிவிட்டு நுனியை வெட்டச் சொன்னார். துளிர் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் கொஞ்சம் போகட்டும், பிறகு அதையும் வெட்டலாம், மரம் தானாகத் திரும்பிக்கொள்ளும் என்றார். எத்தனை இலை விட்டு வெட்டுவது, எத்தனை நாளில் துளிர்க்கும், துளிர்க்காவிட்டால் யார் பொறுப்பு என்று நான் வரிசையாகக் கேட்டேன்.

“ஆடு எண்ணிப் பாத்தா சார் மேயுது? அந்த மாதிரி நெனச்சுக்கோங்க, வெட்டுங்க.”

கத்தரிக்கோலோடு அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு அத்தையின் ஆடு ஞாபகம் வந்தது.

நான் பிறந்தது மலைமேல், நெல்லிவாசல் நாட்டில், பஸ் எட்டிப் பார்க்காத ஓர் ஊரில். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய சமயம்தான் அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். சாமை விளையும் மானாவாரிக் கொல்லையை நடுவில் வரப்புப் போட்டுப் பிரித்தார்கள். மேற்குப் பாதி எங்களுக்கு, கிழக்குப் பாதி சித்தப்பாவுக்கு. இருந்த ஒரு ஜோடி மாட்டையும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒற்றை மாட்டை வைத்து யாரும் உழ முடியாது. ஆகவே உழவு வந்தால் இருவரும் மாட்டைக் கொண்டுவந்து ஒரே நுகத்தில் பூட்டியே ஆகவேண்டும். பிரிவினை எழுதிய பெரியவர்கள் இதை யோசித்துச் செய்தார்களா, யோசிக்காமல் செய்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிரிக்க முடியாமல் மீந்தது அத்தை ஒருத்திதான். இருவருக்கும் மூத்தவள். கணவர் இறந்தபின் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். ஒரு மாதம் எங்கள் வீட்டில் சாப்பாடு, மறுமாதம் சித்தப்பா வீட்டில். அவளுக்கென்று இருந்தது ஒரு வெள்ளாடு மட்டும். அது எந்த வீட்டு மாதம் என்று பார்க்காமல் இரண்டு பக்கமும் மேய்ந்தது.

கணக்குப் போட நான் ஒரு சுருக்குப்பை நிறையப் புளியங்கொட்டை வைத்திருந்தேன். நூறு இருக்க வேண்டிய இடத்தில் ஒருநாள் நூற்றொன்று இருந்தது. அந்த ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் அதை எடுத்துப்போய் வரப்பில் குழிதோண்டிப் புதைத்துவிட்டேன். மழை பெய்ததும் முளைத்துவிட்டது.

கன்று ஒரு சாண் வளர்ந்தபோது சித்தப்பா அதைப் பார்த்தார்.

“அண்ணா, இத்தப் புடுங்கிப் போட்டுடு. புளிய மரத்து நெழல்ல சாமை வருமா? பொழுது சாஞ்சா நெழலு மொத்தம் என் கொல்லையிலதான் வுழும்.”

“பையன் ஆசையா வெச்சது. ஒரு சாண் செடி, அதுக்குள்ள நெழலுக்கு நாயம் பேச வந்துட்டியா?” என்றார் அப்பா.

நிழலில் ஆரம்பித்த பேச்சு பழத்துக்குப் போனது. மரம் காய்த்தால் பாதி உனக்கு என்றார் அப்பா. தண்டு தன் பக்கம் சாய்ந்திருக்கும்போது பாதி என்ன கணக்கு என்று கேட்டார் சித்தப்பா. அன்றைக்கு அந்த மரத்தில் இருந்தவை ஏழே ஏழு இலைகள். நான் எண்ணியிருந்தேன். அந்த ஏழு இலைக்கு நடுவில் இருவரும் மூட்டை மூட்டையாகப் பழம் உலுக்கிப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சித்தப்பா, மரத்தைப் பிடுங்கும்வரை என் மாடு உன் நுகத்துக்கு வராது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல மழை பெய்து மண் பதமாக இருந்த நேரம் அது. விட்டால் இறுகிவிடும். சாமை விதைக்காவிட்டால் இரண்டு வீட்டிலும் அந்த வருடம் கஞ்சிக்குத் திண்டாட்டம்தான். சுற்றிலும் எல்லோரும் உழுதுகொண்டிருந்தார்கள். எங்கள் மாடு இங்கே நின்று அசைபோட்டது, அவர்கள் மாடு அங்கே நின்று அசைபோட்டது. அது எங்கள் வீட்டு மாதம் என்பதால், அத்தை சித்தப்பா வீட்டு வாசலில் கால்வைக்கவும் தயங்கினாள். சித்தி அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அம்மாவோ, அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவளையே கேட்டாள். பிடுங்கிவிடலாமா என்று அப்பாவே ஓரிரு முறை என்னைப் பார்த்தார். நான் அழத் தயாராக இருந்ததால் பார்வையைத் திருப்பிக்கொண்டார். தம்பி சொல்லிப் பிடுங்கினான் என்று ஊர் சொல்லும் என்பதும் அவர் மனதில் இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலை நான் இலை எண்ணப் போனேன். எண்ண ஒன்றும் இல்லை. நான்கு விரல் உயரத்துக்கு ஒரு குச்சி மட்டும் நின்றது. பக்கத்தில் அத்தையின் ஆடு கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தது.

என் அலறலைக் கேட்டு இரண்டு கொல்லைகளிலிருந்தும் இருவரும் ஓடிவந்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் பழிபோடத் தயாராக. குச்சியைப் பார்த்தார்கள், ஆட்டைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது சித்தப்பா. அப்பா கொஞ்ச நேரம் கோபத்தைப் பிடித்துவைத்திருந்தார்.

“இன்னா அக்கா, ஆட்ட இங்கியா கட்டுவ?” என்று பின்னாலேயே வந்த அத்தையைக் கேட்டார்.

“கயிறு ஜாஸ்தியா பூட்ச்சுடா. எனுக்கு இன்னா அளவா தெரியும்?” என்றாள் அத்தை.

அந்தக் குச்சிக்காக இனி வழக்குப் பேசினால் ஆடே சிரிக்கும் என்று அப்பாவும் சிரித்துவிட்டார். அன்று மதியமே சித்தப்பா மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். ஏர் பூட்டி, முதலில் எங்கள் பக்கம், பிறகு அவர் பக்கம் உழுதார்கள். என் மரத்துக்காக வருத்தப்பட அந்த ஊரில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

ஆனால் குச்சி சாகவில்லை. பக்கவாட்டில் துளிர்த்தது. நான் விடவில்லை. இலந்தை முள் வெட்டிவந்து வேலி போட்டேன். அத்தைதான் கூட இருந்து கட்டினாள். ஒரு பக்கம் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு முள்ளில்லாமல் விட்டாள். ஏன் என்று கேட்டேன்.

“காத்து போவ வழி வேணும்ல நைனா.”

காற்று போனதோ இல்லையோ, ஆட்டின் தலை சரியாகப் போனது. பிறகு நான் கயிற்றை அளந்தேன். ஆட்டைக் கட்டும் முளை இங்கே இருந்தால் அதன் வாய் எதுவரை எட்டும் என்று குச்சியால் மண்ணில் வட்டம் போட்டு, முளையைத் தள்ளி அடித்து, அத்தைக்கு விளக்கமும் சொன்னேன். அவள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டாள். எங்கள் வம்சத்தில் இப்படி ஒரு மூளையா என்று கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தாள். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் முளை சித்தப்பா கொல்லையில் ஊன்றி நின்றது. மரத்தின் நுனி போயிருந்தது.

“ஆடு புடுங்கிட்ச்சு நைனா. அதுக்கு உம்மேல இன்னா கோவமோ” என்றாள்.

நான் நம்பினேன். அந்த ஆட்டுக்கு என்மேல் பகை என்று பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் இதே கதைதான். மரம் கொஞ்சம் தலைதூக்கும். ஒரு தடவை எங்கள் பக்கத்திலிருந்து, அடுத்த தடவை சித்தப்பா பக்கத்திலிருந்து ஆடு வந்து நுனியைக் கடிக்கும். மரம் கடித்த இடத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பும். அடித்தண்டு மட்டும் என் மணிக்கட்டை விடப் பருத்துக்கொண்டு போனது. “என் பையன் வெச்ச மரம் அங்கதான் கீது” என்று அப்பா சொல்லிக்கொண்டார். சித்தப்பாவின் சாமையில் வெயிலுக்குக் குறைவில்லை. மாடுகள் இரண்டும் ஒவ்வொரு வருடமும் ஒரே நுகத்தில் நடந்தன.

நான் திருப்பத்தூரில் ஹாஸ்டலில் சேர்ந்து படிக்கப் போன பிறகு இரண்டு வீட்டிலும் சொந்த ஜோடி மாடுகள் வந்துவிட்டன. அத்தை கிழட்டு ஆட்டை விற்றாள். வேறு வாங்கவில்லை. மரம் ஒரே மூச்சில் மேலே போனது. இன்று அது பெரிய மரம். முழங்கால் உயரம்வரை நெளிந்து நெளிந்து வந்து, அதற்குமேல் விறுவிறுவென்று நேராக ஏறியிருக்கிறது. வருடாவருடம் உலுக்கி, இரண்டு வீட்டுக்கும் புளி போகிறது. யாரும் பாதியா, முக்காலா என்று கேட்பதில்லை. என் பங்கு இந்த மாசியிலும் ஒரு பையில் கட்டி வந்தது.

மொட்டைமாடியில் அந்தப் பெண்மணி காத்துக்கொண்டிருந்தார். நான் கம்பியைச் சுற்றுச் சுற்றாகக் கழற்றினேன். எந்த இலைக்கு மேலே என்று பார்க்காமல் நுனியை வெட்டினேன்.

“பரவால்லியே சார், பயமில்லாம வெட்டிட்டீங்க” என்றார்.

சிரித்துக்கொண்டேன். வீட்டுக்கு நடந்துவரும் வழியெல்லாம் அத்தை என் வட்டத்தை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றதுதான் கண்ணில் இருந்தது. இலையை எண்ணினேன், கயிற்றை அளந்தேன், வட்டம்கூடப் போட்டேன். ஆடு முளையைப் பிடுங்கும், சரி. பிடுங்கிய முளையை வரப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் அடித்தும் வைக்குமா என்று மட்டும் எனக்கு ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.