தலைக்கல்லும் கால்கல்லும்

அன்றைக்கு நின்றவர்கள் இவர்கள். நகரசபை அலுவலகத்து அதிகாரி ஒருவர். நான் அவரைச் சேர் என்பேன். சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்ற மாஸ்டர் ஒருவர். வேலையை ஒப்பந்தம் எடுத்த கொந்தராத்துக்காரர். மண் கிண்டும் பெக்கோ மெசினோடு கிண்ணியாவிலிருந்து வந்த டிரைவர். நான். என் நாய்.

ஊருக்குள் திரிகிற மான்கள் நாலும் நின்றன. அவை எப்போதும் நிற்பவை. கணக்கில் சேர்க்கவில்லை.

இடம், துறைமுகத்துக்குப் போகிற றோட்டோரத்தில் இருக்கிற வெள்ளைக்காரரின் பழைய சவக்காலை. அங்கே புல் வெட்டுவது என் வேலை. நாட்சம்பளம். பதினொரு வருடம். பாலையூற்றிலிருந்து சைக்கிளில் போவேன், நாய் பின்னால் ஓடி வரும். ஏழாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு சண்டை. எனக்கு நீட்டி எழுத வராது.

மாஸ்டர் ஒரு பலகைக்கு எழுதிக்கொண்டு வந்திருந்தார். சவக்காலை பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர் வாசிப்பதற்கு. ஒரேயொரு வருடத்தைப் பற்றியது. ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு. விக்டோரியா மகாராணியின் காலம். அந்த வருடத்தைப் போட்ட கல்லறைகள் சில அங்கே இருக்கின்றன. பலகையைப் பின்மூலையில் வேப்பமரத்தடியில் நடுவதாகத் திட்டம். சீமெந்துத் தரை, இருக்க இரண்டு வாங்கு, நிழல். அதற்கு மூலையை மட்டப்படுத்த வேண்டும். அதற்குத்தான் பெக்கோ.

மாஸ்டர் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். நல்ல குரல்.

அந்த வருடம் ஐரோப்பாவில் ஒரு ராசா முடியை விட்டுவிட்டு வேறு ஆள் மாதிரி வேசம் போட்டு ஓடினாராம். ஊருக்கு ஊர் சனம் தெருவில் இறங்கியதாம். இங்கே வெள்ளைக்காரன் துவக்குக்கு வரி போட்டான். கடைக்கு வரி. நாய்க்கும் வரி. கண்டிப் பக்கத்துச் சனம் எழும்பியது. சுட்டார்கள், தூக்கினார்கள். ஒரு பிக்குவைக் காவி உடுப்போடேயே சுட்டார்கள்.

"நாய்க்குமோ மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை. ஒரு நாய்க்கு ஒரு சிலிங்."

"இவனுக்கு ஆர் கட்டுறது? இவன் ஊர்நாய்."

டிரைவர் சிரித்தார். மாஸ்டரும் சிரித்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு இங்கே கிடப்பவர்களை வாசித்தார். ஒரு கப்பல் கப்டன். ஒரு டொக்டரின் மனைவி. காய்ச்சலில் செத்த ஒரு துரை. எல்லாம் பெயரோடு, அவர்கள் எங்கே பிறந்தார்கள், என்ன செய்தார்கள் என்பதோடு. நான் அந்தக் கல்லறைகளைச் சுற்றிப் புல் வெட்டுகிறவள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கடைசியில் இன்னொன்று வாசித்தார். அந்த வருடம் இன்னொரு சட்டமும் வந்ததாம். ஒவ்வொரு ஆம்பிளையும் வருடத்தில் ஆறு நாள் றோட்டு வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும்.

"அந்த வேலை செய்த ஆக்களின்ர பேர் இருக்கோ?" என்று கேட்டேன்.

"அதுகள் ஆர் எழுதி வைச்சது பிள்ளை?"

கொந்தராத்துக்காரர் வெயில் ஏறுகிறது என்றார். டிரைவர் ஏறி மெசினை ஸ்ராட் பண்ணினார்.

மூலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேப்பமரத்தடியில் கடல் முருகைக்கற்கள் கிடக்கின்றன. முழங்கால் உயரம்கூட இல்லை. எழுத்து இல்லை. விழுந்த மதில் கல் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த வருடம் அதில் ஒன்றைக் கிண்டி எடுத்துக்கொண்டுபோய்த் தண்ணிப் பைப்படியில் போட்டேன். ஏறி நின்று கால் கழுவ. நாங்கள் செத்தவரை எரிக்கிற ஆட்கள். மண்ணில் நட்ட கல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு வருடம் மழை பிந்தியது. புல் முழுக்கக் காய்ந்தது. அப்போதுதான் கற்கள் வெளியே தெரிந்தன. சோடி சோடியாக நின்றன. ஒன்றிலிருந்து ஒன்று ஓராள் நீளம். எல்லாம் ஒரே திசை. எண்ணினேன். ஐம்பத்தேழு. ஒன்றுக்கு மட்டும் சோடி இல்லை. எதிரே ஒரு குழி இருந்தது. குழியைப் பார்த்தேன். பைப்படியைப் பார்த்தேன். கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து திருப்பி நட்டேன். ஐம்பத்தெட்டு. ஏன் சோடி என்று அப்போதும் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து அந்த மூலையில் புல் வெட்டும் மெசின் போடாமல் கத்தியால் குனிந்துதான் வெட்டுகிறேன்.

என் அண்ணனுக்குக் கல் இல்லை. எங்கே என்றும் தெரியாது. அதைப் பற்றி இவ்வளவுதான்.

பெக்கோ மூலைக்குத் திரும்பியது. நான் சைக்கிளைக் கொண்டுபோய்க் குறுக்கே விட்டேன்.

"என்ன இது?" என்றார் அதிகாரி. "எடும் சைக்கிளை."

"இதில கிண்ட ஏலாது சேர். ஐம்பத்தெட்டுக் கல்லு, எல்லாம் சோடியா நட்டிருக்கு."

கொந்தராத்துக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா கல்லுகளுக்குக் கலியாணத் தரகு பாக்கிறா. சாதகம் பொருந்துதோ அக்கா? எனக்கு அத்திவாரத்துக்கு நல்ல கல்லு. ஒரு லோட் தேறும்."

"நீர் புல்லு வெட்ட வந்தனீர்," என்றார் அதிகாரி. "உமக்கு உதில என்ன கதை?"

"ஓம் சேர். பதினொரு வருசம் இதில குனிஞ்சு வெட்டினது நான். நீங்கள் இண்டைக்குத்தான் வந்தனீங்கள்."

அவர் முகம் மாறியது. மெசின் உறுமிக்கொண்டு நின்றது. நான் டிரைவரைப் பார்த்தேன்.

"தம்பி, இறங்கி ஒருக்காப் பாருங்கோ. பிறகு கிண்டுறதெண்டால் கிண்டுங்கோ."

அவர் இறங்கினார். நாற்பது வயது இருக்கும், பெரிய உடம்பு. ஒரு சோடியைப் பார்த்தார். அடுத்த சோடியைப் பார்த்தார். வெயிலை அண்ணாந்து பார்த்துத் திசை பிடித்தார். திரும்பிப் போய் மெசினை நிறுத்திச் சாவியைச் சட்டைப் பையில் போட்டார். தொப்பியைத் தலையில் வைத்து, இரண்டு கையையும் ஏந்தி, கொஞ்ச நேரம் வாய்க்குள் ஓதினார்.

"இது மீசான் கல்லு சேர்," என்றார். "தலைமாட்டில ஒண்டு, கால்மாட்டில ஒண்டு. தல வடக்க, காலு தெக்க. எங்கட ஆக்கள அடக்கின இடம். நான் கிண்ட மாட்டன்."

"வேற டிரைவரைக் கொண்டு வருவன்," என்றார் கொந்தராத்துக்காரர்.

"கொண்டு வாங்க. அவரும் கிண்ணியாதான், எங்கட ஆள்."

மாஸ்டர் தாளை மடித்தார். "அதிகாரி ஐயா, அந்தக் காலத்தில பட்டாளத்திலயும் கப்பலடியிலயும் மலாய் ஆக்கள், சோனக ஆக்கள் கனபேர் இருந்தவை. இருக்கலாம்."

"அந்த வருசம் செத்த ஆக்களெண்டதுக்கு ஆதாரம் இருக்கோ மாஸ்டர்?"

மாஸ்டர் மடித்த தாளைத் திரும்ப விரித்துத் தேடினார். நான் சொன்னேன்.

"இல்லையெண்டதுக்கு ஆதாரம் இருக்கோ சேர்?"

அதிகாரி என்னை நேரே பார்த்தார். "வாயால சொல்லி வேலையை நிப்பாட்ட ஏலாது. எழுதித் தாரும். கையெழுத்து வைச்சுத் தாரும். பிழையெண்டால் உம்மட வேலை போகும். விளங்குதோ?"

விளங்கியது. நாட்சம்பளக்காரியை நிற்பாட்டக் கடிதம்கூடத் தேவையில்லை. நாளைக்கு வரவேண்டாம் என்றால் சரி. என் கையெழுத்து இதுவரை சம்பளத் தாளில் மட்டும்தான் விழுந்தது.

"தாள் தாங்கோ மாஸ்டர்," என்றேன்.

பிறகு நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். அடுத்த நாள் வேலைக்குப் போனேன். வரவேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. போய் வெட்டினேன். இன்றைக்கும் போகிறேன். கடிதம் கோப்பில் இருக்கிறதாம். அதைத் தூக்கிப் போடவும் ஏலாது, மீறிக் கிண்டவும் ஏலாது. பலகை வாசலடியில் நிற்கிறது, நிழல் இல்லாமல். ராசா ஓடியது அதில் இருக்கிறது. நாய் வரி இருக்கிறது. கப்டன் இருக்கிறார். மூலை இல்லை. பரவாயில்லை. மூலை மூலையில் இருக்கிறது.

அன்றைக்கு மாஸ்டர் தன் தாளின் பின்பக்கத்தைத் தந்தார். பெக்கோவின் சில்லில் வைத்து எழுதினேன். பேனை கறுப்பு ரப்பரில் வழுக்கியது. இந்த மூலையில் ஆட்களை அடக்கியிருக்கிறது, கிண்டக் கூடாது. அவ்வளவுதான் முதல் வரி. கீழே கையெழுத்து வைத்தேன்.

அதிகாரி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "ஆர் ஆரெண்டு எழுதும்."

"தெரியாது சேர்."

"எந்த வருசம்?"

"தெரியாது."

"ஐம்பத்தெட்டுக் கல்லு எண்டனீர். அப்ப ஐம்பத்தெட்டுப் பேரோ?"

"ஓராளுக்கு ரெண்டு கல்லு சேர்," என்றார் டிரைவர்.

"பேர் தெரியாது, வருசம் தெரியாது. அப்ப உமக்கு என்னதான் தெரியும்?"

கையெழுத்துக்கு மேலே ஒரு வரிக்கு இடம் இருந்தது. அதில் எழுதினேன்.

இருபத்தொன்பது.