எண்ணெய் தேய்த்த பொம்மை

நான் பெயிண்ட் அடித்த லாரிகள் இன்றைக்கும் செங்கோட்டை தாண்டி மலைப்பாதையில் ஏறி இறங்குகின்றன. வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தே இது மேலகரத்துக் கை என்று சொல்லக்கூடிய டிரைவர்கள் இருக்கிறார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கணக்கு வாத்தியாருக்குப் பயந்து பாதி நாள் போகவில்லை. உப்புத்தாள் தேய்க்கிற ஆளாக வேலைக்குச் சேர்ந்து, பட்டி பார்த்து, ஸ்ப்ரே கன்னைப் பிடித்து, தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், மேலகரத்தில், சொந்தமாக ஷெட் போட்டேன். யாரும் கைபிடித்துக் கூட்டிவரவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

அப்பேர்ப்பட்ட என்னிடம் போன குற்றாலச் சீசனில் ஒரு பெண் மூன்று வெள்ளைப் பொம்மைகளைக் கொண்டுவந்து நீட்டினாள். இலத்தூர்க்காரி. பெங்களூர்க் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள். பொம்மைகள் ஒரு சாண் உயரம். பானை வயிறு, முட்டைத் தலை, கண் மூக்கு எதுவும் கிடையாது. அழுத்தினால் கொஞ்சம் அமுங்கிக் கொடுத்தது. வினைல் என்றாள்.

"வெளையாட்டுச் சாமானுக்கு என் ஷெட்டுதான் கெடைச்சுதா?" என்றேன்.

"வெளையாட இல்ல அண்ணாச்சி. வெள்ளையா வாங்கி, அவங்கவங்க இஷ்டத்துக்குப் பெயிண்ட் பண்ணிக் கண்ணாடி அலமாரில வைப்பாங்க. பெரிய ஆளுங்கதான் சேக்காங்க. பெங்களூர்ல இதுக்குன்னே ஒரு கண்காட்சி நடக்குது. இந்தத் தடவ என்னையும் கூப்பிட்டிருக்காங்க."

அவள் போனில் வரைந்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள். குற்றாலத்துக்குக் குளிக்க வந்த தொந்திக்காரர் ஒருவர். முதல் பொம்மையில் துண்டு கட்டி நிற்கிறார். இரண்டாவதில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்திருக்கிறார். மூன்றாவதில் அருவியில் நின்றுவிட்டுச் சொட்டச் சொட்ட வருகிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீசனுக்குச் சீசன் என் ஷெட் வாசலில் கார் நிறுத்துகிற ஆள்தான் அது.

போனில் வரைந்த கைக்குப் பிரஷ் பிடிக்க வரவில்லை. என் ஷெட்டில் ஒரு புல்லட் டேங்கில் நான் போட்ட நெருப்புக் கோடுகளைப் பார்த்துவிட்டுத்தான் அவள் வந்திருந்தாள். கண் உள்ள பெண்.

"நடுவுல உள்ளவருதான் முக்கியம்" என்றாள். "பாத்தா எண்ணெய் வழியணும். தொட்டா ஒட்டக் கூடாது."

தண்ணீரில் கலக்குகிற கலர்களும் தண்ணீர் வார்னிஷ் பாட்டில் ஒன்றும் தந்தாள். "கடைசிக் கோட்டுக்கு இதுதான் அண்ணாச்சி. லாரிக்குப் பளபளப்புக்கு அடிக்கிற ஒங்க கிளியர் வேண்டாம். வினைலுக்கும் தின்னருக்கும் ஆகாது."

"தாயி, நான் கிளியர் அடிச்சுக் காயாத சாமான் இன்னும் ஒலகத்துல பொறக்கல" என்றேன்.

வேலையைச் சொன்னால் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். பிறகு தண்ணீர் உப்புத்தாளால் பூப்போலத் தேய்த்தேன், கலர் பிடிப்பதற்கு. தோல் நிறத்தை மூன்று பதத்தில் கலந்து, கழுத்து மடிப்பில் இருட்டும் தொந்தி உச்சியில் வெளிச்சமும் வைத்தேன். சிவப்புக் கரைத் துண்டு. நெற்றியில் விபூதி, மூன்றாவது பொம்மையில் பாதி கரைந்த விபூதி. மூன்று பேருக்கும் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு மச்சம், அது என் சொந்த யோசனை. போட்டோ எடுத்து அனுப்பினேன். அழுகிற முகமும் சிரிக்கிற முகமுமாகப் பத்துப் பதினைந்து பதில் வந்தது.

முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் அவள் தந்த வார்னிஷையே பூசினேன். நடுவில் உள்ளவருக்கு அந்தத் தண்ணீர்ச் சாமானைப் பூச எனக்கு மனது வரவில்லை. லாரிக்கு அடிக்கிற கிளியரைத் தின்னரில் கலந்து ஒரு கோட் விட்டேன். என்ன மினுமினுப்பு! துண்டை எடுத்து அவர் முதுகைத் துடைத்துவிடலாமா என்று எனக்கே தோன்றியது.

மறுநாள் காயவில்லை. சாரல் என்று நினைத்தேன். அதற்கடுத்த நாள், செவ்வாய்க்கிழமை காலையில், காபி கொண்டுவந்த என் வீட்டுக்காரி தொந்தியை ஒரு விரலால் தொட்டாள். விரல் ரேகை அப்படியே பதிந்தது.

"இது என்ன, அல்வா கணக்காப் பிசுபிசுங்குது?"

"சாரல்ல காயல."

"முந்தாநேத்து அடிச்ச ஸ்கூட்டர் காஞ்சு வீட்டுக்கே போயிட்டு. அதுக்கு மட்டும் சாரல் இல்லியா? அந்தப் பிள்ள எண்ணெய் மாதிரிதான் கேட்டா. நீங்க எண்ணெயவே தேச்சு வச்சிருக்கீங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. இரும்பு தின்னரைக் குடிக்காது. வினைலோ குடிக்கும், குடித்துவிட்டுத் தன் உள்ளே இருக்கிற எண்ணெய்ப் பசையைக் கக்கும். அப்புறம் ஒரு வருஷம் வைத்தாலும் காயாது.

அந்த நேரம் பார்த்துப் போன். "அண்ணாச்சி, வெள்ளிக்கிழம சாயங்காலம் எனக்கு பஸ். மூணும் ரெடிதானே? செட்டு மூணுன்னு எழுதிக் குடுத்திருக்கேன். ஒண்ணு கொறஞ்சாலும் மேசைல வைக்க விட மாட்டாங்க. வேற வெள்ளப் பொம்ம வரவழைக்க இனி நேரமும் இல்ல."

"ரெடி" என்றேன். வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் அதுதான் சின்னது. இரண்டு எழுத்து.

மெடிக்கலில் ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சும் வாங்கி உட்கார்ந்தேன். பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன், அழுத்தினால் பிசின் பரவிவிடும். கிளியர் போயிற்று, கூடவே தொந்தி, துண்டு, விபூதி, மச்சம் எல்லாம் போயிற்று. மதியச் சோறு ஆறிப்போன நேரத்தில் அவர் பழையபடி வெள்ளை மொட்டையாக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். புதன்கிழமை முழுக்க மறுபடி வரைந்தேன். இந்தக் கை எழுபது வயதிலும் ஒரே நாளில் இரண்டாம் தடவை அதே ஆளைக் கொண்டுவரும். வேறு எவனாவது செய்யட்டும் பார்க்கலாம்.

இனி தண்ணீர் வார்னிஷ்தான். இந்தத் தடவை புத்தி வந்து, முதலில் அவர் உள்ளங்காலில் பூசிப் பார்த்தேன். ஒட்டவில்லை, ஆனால் பால் ஊற்றினதுபோல் வெளுத்தே நின்றது. மற்ற இரண்டு பேருக்கும் பூசிய அன்று கொஞ்சம் வெயில் அடித்ததால் அது தெளிவாகிவிட்டது. மேலகரத்தில் அன்று காற்றே நனைந்திருந்தது.

காற்று காயவில்லை என்றால் காய்ந்த காற்று இருக்கிற இடத்துக்கு நான் போவேன். வியாழக்கிழமை காலையில் அவரைத் தூக்குவாளிக்குள் நிறுத்தி, சுற்றிலும் பழைய வேட்டியைத் திணித்து, வாசுதேவநல்லூருக்கு பஸ் ஏறினேன். அங்கே என் தங்கச்சி வீடு.

"தூக்குல என்ன பெரியவரே, மீனா?" என்றார் கண்டக்டர்.

"பொம்ம."

"அப்ப சன்னல் பக்கம் உக்காருங்க. வேடிக்க பாக்கட்டும்."

கடையநல்லூர் தாண்டியதும் சன்னலில் சாரல் நின்றது. புளியங்குடியில் வெயில். தங்கச்சி வாசலிலேயே தூக்குவாளியை வாங்கித் திறந்துவிட்டாள்.

"ஏண்ணே, எனக்குத் தின்ன எதுவும் கொண்டாந்திருக்கன்னுல பாத்தேன். யாரு இவரு?"

"குத்தாலத்துக்குக் குளிக்கப் போறவரு."

"போறவர எதுக்கு எதிர்ப்பக்கம் கூட்டிட்டு வந்திருக்க?"

மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் வேலை. நேர் வெயில் பட்டால் வினைல் இளகும். மெல்லிசாக ஒரு கோட், தூசி விழாமல் மேலே கூடையைக் கவிழ்த்து வைப்பது, காய்ந்தபின் அடுத்தது. நாலு கோட்டுக்குப் பிறகு கூடையைத் தூக்கினேன். எண்ணெய் வழிந்தது. தொட்டேன். விரல் சுத்தம். தங்கச்சி பார்த்துவிட்டு, "சீயக்கா எடுத்தாரட்டா?" என்றாள். அதைவிடப் பாராட்டு என்ன வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பெண் பையோடு வந்தாள். மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்திருந்தேன். நடுவில் உள்ளவரைத் தொட்டாள், திருப்பினாள், மறுபடி தொட்டாள். பிறகு போனை எடுத்துப் பழைய போட்டோவைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு இவருக்கு மச்சம் தொப்புளுக்கு வலப்பக்கம் இருந்துச்சு."

எழுபது வயதில் முதல் தடவையாக எனக்குக் காது சுட்டது. சொல்லிவிட்டேன். கிளியர், ஸ்பிரிட், தூக்குவாளி, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகம் கடுத்தது.

"நான் போன் பண்ணுனப்ப ரெடின்னீங்களே. காயாம போயிருந்தா எனக்கு இந்த வருசமே போயிருக்கும்."

"போயிருக்கும் தாயி. ஒன் பேச்ச நான் கேட்டிருக்கணும்."

இப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். அந்தப் பெண் நடுவில் உள்ளவரை மெல்லிய தாளில் சுற்றினாள், உடனே பிரித்தாள். ஒரு நார்கூட ஒட்டவில்லை. மறுபடி சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியிலிருந்தே கூப்பிட்டாள். பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

"அண்ணாச்சி, தொடாதீங்கன்னு எழுதி வச்சிருக்கேன், யாரும் கேக்க மாட்டேங்காங்க. நடுவுல உள்ளவரத் தொட்டுட்டு எல்லாரும் வெரலப் பாக்காங்க."

"வெரல்ல என்ன இருக்காம்?"

"ஒண்ணும் இல்ல" என்றாள், சிரித்துக்கொண்டே.

"இருக்காது" என்றேன்.