பளிங்குத் தரையும் வேலாயியின் மஞ்சள் பூட்ஸும்

எங்கள் மாநிலத் தலைநகரில் ஒரு மாளிகை இருக்கிறது. பெயரைச் சொல்லி வம்பில் மாட்டிக்கொள்ளும் வயதில்லை எனக்கு. தங்க நிறக் கும்மட்டம், செதுக்கிய தூண்கள், முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்ளும் அளவுக்குப் பளபளக்கும் பளிங்குத் தரை. மக்களுக்காகக் கட்டியதாம். மக்கள் உள்ளே வருவார்கள் என்பதை மட்டும் கட்டியவர்கள் எதிர்பார்க்கவில்லை.

வேலாயி அந்த மக்களில் ஒருத்தி. வயது அறுபத்திரண்டு. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். பதின்மூன்று வயதிலிருந்து துரை பங்களாவில் தரை துடைத்தாள். பிறகு கொழுந்து பறித்தாள். புருஷன் போன பின், கம்போங் ராஜா என்ற மலையூருக்கு மேலே ஒன்றரை ஏக்கர் சரிவில் முட்டைக்கோஸ் போடுகிறாள். நிலம் அரசாங்கத்துடையது. வருடத்துக்கு ஒரு முறை பெர்மிட் புதுப்பிக்க வேண்டும். போன வருடம் பக்கத்துத் தோட்டத்துப் பக்கிரிசாமி ஒரு நாள் தாமதித்தார். மறுவாரமே இயந்திரம் வந்து அவருடைய கொட்டகையைத் தள்ளியது. அரசாங்கம் மெதுவாக வேலை செய்கிறது என்று சொல்பவர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த வருடம் பெர்மிட் விண்ணப்பப் பாரத்தைத் தலைநகர் மாளிகையிலேயே நேரில் கொடுக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. கடைசி நாளன்று காய்கறி லோரி ஓட்டும் தர்மாவுடன் கிளம்பினாள்.

"செலிப்பர் போட்டு வந்தா உள்ள விடமாட்டானுங்க லா, பெரியம்மா," என்று தர்மா முன்பே எச்சரித்திருந்தான். அவளிடம் விரல் தெரியாத காலணி ஒன்றுதான் இருந்தது, தோட்டத்து மஞ்சள் பூட்ஸ். அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துப் போட்டு வந்தாள்.

வந்தவள் அந்தத் தரையைப் பார்த்தாள். துடைத்த தரையில் பூட்ஸ் காலை வைத்தால் என்ன திட்டு கிடைக்கும் என்று பங்களாவில் கற்ற உடம்பு அது. தானாகக் குனிந்தது. பூட்ஸை வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு வெறுங்காலுடன் உள்ளே போனாள்.

காவலாளி திருச்செல்வம் மறித்தான். "சப்பாத்து இல்லாம போக முடியாதுக்கா. ரூலு."

"வாசல்லதான்டா வெச்சிருக்கேன். இரு, போட்டுட்டு வரேன்."

வாசலில் பூட்ஸ் இல்லை.

"பின்பக்கக் குப்பையில போட்டாச்சுக்கா," என்றான். "மதியம் மேலிடத்துப் பெரியவரு வராரு, வாசல்ல ஒண்ணும் கெடக்கக் கூடாது."

"தரை அழுக்காவுமேன்னு கழட்டுனா குப்பையில போடுவீங்களா? பாரம் வாங்குற கவுண்டர எப்ப மூடுறான்?"

"இன்னும் பத்து நிமிஷம். குப்பத் தொட்டிக்குப் போயிட்டு வர நேரம் பத்தாதுக்கா."

"நீ எந்த ஊரு?"

திருச்செல்வம் தலை குனிந்தான். "எஸ்டேட்டுதான்க்கா. பேராக்குல."

"உங்காத்தா எத்தன தரை தொடச்சிருப்பா? கழட்டுடா உன் சப்பாத்த!"

கும்மட்டம் வரை எதிரொலித்தது. அவ்வளவு செலவு செய்து கட்டிய எதிரொலி அன்றுதான் ஒரு வேலைக்குப் பயன்பட்டது. திருச்செல்வம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினான். ஒன்பதாம் நம்பர். அவள் அதை மாட்டி இழுத்துக்கொண்டு, டொக் டொக்கென்று ஓடினாள். மூடப்போன கவுண்டருக்குள் கையை விட்டுப் பாரத்தை வைத்தாள். அலுவலர் அவள் முகத்தைப் பார்த்தார். காலைப் பார்த்தார். முத்திரை குத்தினார்.

ஒரு வருடத்துக்கு நிலம் அவளுடையது. அதாவது, அரசாங்கத்துடையதுதான். ஆனால் முட்டைக்கோஸ் அவளுடையது.

காலுறையோடு விறைப்பாக நின்றிருந்தவனிடம் சப்பாத்தைக் கொடுத்துவிட்டு, நேரே பின்பக்கக் குப்பைத் தொட்டிக்குப் போனாள். பூட்ஸ் கிடைத்தது. யாரோ குடித்து மிச்சம் வைத்த கோப்பியும் மீன் குழம்பும் அதன்மேலும் அடியிலும் வழிந்துகொண்டிருந்தன. துடைக்காமல் மாட்டிக்கொண்டு வாசலுக்கே திரும்பி வந்தாள்.

"லோரி அந்தப் பக்கம்க்கா," என்றான் திருச்செல்வம், மெல்ல.

"தெரியும். உள்ள கும்மட்டத்தச் சரியா பாக்கல."

கும்மட்டத்துக்கு நேர் கீழே வரை நிதானமாக நடந்தாள். அண்ணாந்து பார்த்தாள். அதே நிதானத்தில் வேறு வழியாகத் திரும்பி வந்தாள். போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை, பளிங்கில் கோப்பி நிறத்தில் தடம்.

"அடுத்த வருஷமும் வருவேன்," என்றாள் அவனிடம். "கழட்ட மாட்டேன்."

பெரியவரின் கார் அப்போதுதான் வாசலில் திரும்பிக்கொண்டிருந்தது.