வன்மையாக அழுகிறோம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மழை பிடித்தால் கீழ்க்கட்டளையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். குடியிருப்போர் சங்கத்தில் நான் இணைச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் தமிழில்தான் கத்துவோம். நகராட்சி ஆபீசுக்கு மனு மட்டும் இங்கிலீஷில் போகவேண்டும். தமிழில் எழுதினால் எவனும் மதிக்கமாட்டான் என்பது தலைவரின் சித்தாந்தம். "வி ஸ்ட்ராங்லி டிப்ளோர்" என்று தொடங்காத மனுவில் அவர் கையெழுத்தே போடமாட்டார். வன்மையாகக் கண்டிக்கிறோம் என்று அதற்குப் பொருளாம். பதில் ஒருநாளும் வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் கடுப்பில், வீட்டிலிருந்த தடித்த அகராதியைப் புரட்டினேன். அந்த 'டிப்ளோர்' லத்தீனிலிருந்து வந்ததாம். ஆதியில் அதற்குப் பொருள், ஓவென்று அழுவது! அடுத்த கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தலைவரின் முகம் சுண்டிப்போயிற்று. எதிர்வீட்டு அக்கா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்போ இத்தனை நாளா இங்கிலீஷ்லதான் அழுதுட்டிருந்தோமா சார்? அது அவங்க காதுல விழவே இல்லையே. நாளைக்கு நாங்க போயி தமிழ்ல அழுவுறோம்."

சொன்னபடியே மறுநாள் தெருப் பெண்கள் திரண்டுபோய், ஆபீஸ் வாசலில் வட்டமாக உட்கார்ந்து, எங்கள் ரோட்டுக்கு ஒப்பாரி வைத்தார்கள். "ராசா மாதிரி கெடந்தியே, இப்படித் தண்ணியில முழுகிட்டியே!" அதிகாரி குடித்துக்கொண்டிருந்த காபியை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடிவந்தார். அன்று சாயங்காலமே ஜல்லி லாரி வந்தது.

தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அவசரக் கூட்டம் கூட்டி, அந்தப் பெண்களைப் பாராட்டித் தீர்மானம் போட்டார். இங்கிலீஷில்.