மதிப்பீட்டாளருக்குக் காப்பி

விதி தெளிவாகவே இருக்கிறது. ஒருவரால் தன் காரியங்களைத் தானே செய்துகொள்ள முடிகிறதா என்று பார்க்க வீட்டுக்கு வரும் மதிப்பீட்டாளர், அவருடைய வழக்கமான ஒரு நாளை வைத்தே முடிவு செய்ய வேண்டும். குடும்பத்தாரையும் விசாரிக்க வேண்டும். இதைப்போன்ற விதிகளை எழுதும் அறையில் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவன் நான். எந்தச் சொல்லை எதற்காக அங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதைப் படிக்காமலே வீடு தேடி வருவார்கள் என்பதும் தெரியும்.

என் அக்கா சிங்கப்பூரின் பாசிர் ரிஸில் ஓரறை வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். கட்டிலிலிருந்து எழுந்தாலே மூச்சு வாங்கும். குளியல் வாரத்துக்கு ஒருமுறை என்றாகிவிட்டது. மதிப்பீட்டில் 'முடியவில்லை' என்று வந்தால், தினமும் காலையில் ஒரு பணிப்பெண் வந்து குளிப்பாட்டி உடுத்திவிட்டுப் போவாள். அக்கா அந்த வீட்டிலேயே இருக்கலாம். இல்லையென்றால் முதியோர் இல்லம். என் வீட்டுக்கு வர மறுத்துவிட்டாள். தம்பி பெண்டாட்டி கையால் குளிப்பதற்கு இல்லமே மேல் என்றாள். என் மனைவியும் அந்தக் கருத்தை மறுக்கவில்லை.

அந்த உடம்பு ஒரே நாளில் அப்படி ஆனதல்ல. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் நாங்கள் வளர்ந்தோம். அம்மா அடுத்த பிரசவத்துக்குப் படுத்தபோது, நாலாம் வகுப்பில் முதலாவதாக வந்திருந்த அக்காவை அப்பா பள்ளியிலிருந்து நிறுத்தி, சன்னலில்லாத பொது அடுக்களையில் கரியடுப்பின் முன் உட்கார வைத்தார். அவள் ஊதிய அடுப்பில் வெந்ததைத் தின்று நான் பல்கலைக்கழகம் வரை போனேன். பிறகு அவள் மிளகாய் அரைக்கும் மில்லில் இருந்தாள். மில் மூடியதும், சாங்கியில் விமானச் சாப்பாடு தயாராகும் கூடத்தில் ஈரத்தரையில் நின்று தட்டு கழுவினாள்.

நெஞ்சு மருத்துவர் அவளிடம் ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று கேட்டார். "சிகரெட் இல்ல டாக்டர், மிளகா. நாளைக்கு ஆறு மூட்டை" என்றாள். புகைப்பதில்லை என்று அவர் குறித்துக்கொண்டார். அதற்கு மேல் எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.

மதிப்பீட்டுக்கு முந்தின நாள் போய் அவளுக்குப் பாடம் எடுத்தேன். நாளைக்குக் கட்டிலைவிட்டு எழுந்திருக்காதே, தலை சீவாதே, எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல். உண்மையும் அதுதான்.

"கேக்கிறதுக்கெல்லாம் முடியாது, தெரியாதுன்னு சொல்றதா? நாலாம் வகுப்புலகூட நான் அப்படிச் சொன்னதில்லடா."

"இது பரீட்சை இல்லக்கா."

"அப்ப எதுக்கு மார்க் போடறாங்க?"

மறுநாள் வீடு பெருக்கித் துடைத்திருந்தது. அக்கா பட்டுச்சேலை கட்டி, பவுடர் பூசி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். விடியுமுன்பே தொடங்கியிருக்க வேண்டும். வந்தது ஓர் இளவயதுத் தமிழ்ப் பெண். வந்தவர்களுக்குக் குடிக்க ஒன்றும் கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அக்கா சுவரைப் பிடித்து எழுந்து அடுப்படிக்குப் போனாள். நானும் எழுந்தேன்; ஒரு பார்வை பார்த்தாள், உட்கார்ந்துவிட்டேன். தட்டில் காப்பி வந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"ஆன்ட்டி, டிரஸ் எல்லாம் நீங்களே போட்டுக்குவீங்களா?"

"நானேதாம்மா கட்டினேன். மடிப்பு நல்லா வந்திருக்கா?"

"சூப்பரா இருக்கு ஆன்ட்டி. குளிக்கிறது?"

"பின்ன, ஊரா வந்து குளிப்பாட்டும்?"

நான் வாயைத் திறந்தேன். "அவன் பெரிய ஆபீசரா இருந்தவன்லா, பேசிட்டேதான் இருப்பான். நீ எழுதும்மா" என்றாள் அக்கா. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுதினாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. காப்பியை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்தாள். அவள் போனதும் அக்கா பட்டுச்சேலையோடு கட்டிலில் விழுந்தாள். மறுநாள் முழுக்க எழவில்லை.

முடிவு ஆங்கிலத்தில் வந்தது. குளிப்பது, உடுத்துவது, நடப்பது எல்லாவற்றையும் பிறர் உதவியின்றிச் செய்கிறார் என்று தமிழில் சொன்னேன். இன்னொருமுறை படிக்கச் சொன்னாள். பிறகு அந்தத் தாளைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். எல்லாவற்றிலும் நன்றாக வாங்கியிருக்கிறாள் அல்லவா என்று என்னைக் கேட்டாள். இந்த மார்க்குக்குப் பரிசு முதியோர் இல்லம் என்று நான் விளக்கினேன். 

"அப்ப அந்தப் பொண்ணைக் காப்பி குடுக்காம அனுப்பியிருக்கணுமா?"

மேல்முறையீட்டை நான் எழுதினேன். விதியை எடுத்துக்காட்டி, வழக்கமான நாள் என்றால் என்னவென்று விளக்கினேன். கிடைக்கப்பெற்றோம் என்ற ஒப்புகை உடனே வந்தது. அதை இயந்திரம் அனுப்பும். மனிதர் அனுப்ப வேண்டிய பதில் வரவில்லை.

காத்திருந்த நாட்களில், தீபாவளியன்று விடியற்காலை, அக்கா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். மருத்துவமனையிலிருந்து நேராக இல்லம். அங்கே இரண்டு பேர் சேர்ந்து அவளைக் குளிப்பாட்டுகிறார்கள். நான் போகும்போதெல்லாம் எனக்குக் காப்பி கொண்டுவரச் சொல்லி அவர்களை அதிகாரம் செய்கிறாள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது.

வாடகை வீட்டை ஒப்படைக்கப் போனேன். அதிகாரி தபால் பெட்டிச் சாவியையும் கேட்டார். கொடுக்குமுன் கீழ்த்தளத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பிரிக்காத கடிதம் ஒன்று கிடந்தது. மேல்முறையீடு ஏற்கப்பட்டது, தினமும் காலையில் பணிப்பெண் இந்த முகவரிக்கு வருவாள் என்றது. கதவைத் திறக்க அக்கா வீட்டில் இருக்க வேண்டும் என்று அடியில் ஒரு குறிப்பு. உறையில் இருந்த தேதி, தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை.