நீலமேகத்தின் சவரப் பை

பிரஷ்ஷைப் பலமாக உதறி, வெயில் படுகிற ஜன்னல் கம்பியில் மயிர் கீழே தொங்கும்படி கட்டுவான் நீலமேகம். அது காயாமல் பயணம் கிடையாது. பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தாலும் சரி. "ஈரத்தோட சுத்தி வெச்சா நாத்தம் புடிச்சிக்கும். அப்புறம் மூஞ்சில கருவாடு தேச்ச மாதிரி இருக்கும்" என்பான். காய்ந்ததும் செய்தித்தாளில் சுருட்டுவான். ரேசரைத் திருகிக் கழற்றிப் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் அடுக்குவான். எங்கள் பழவேற்காட்டு ஏரிக்காற்று உப்புக்காற்று, இரும்பு என்று எதை வைத்தாலும் தின்றுவிடும். அதனால் பிளேடுக்கு மேல் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். சோப்புக்கு மூடி இறுகின எவர்சில்வர் டப்பா. படிகாரக் கல்லுக்கு ஒரு துணி முடிச்சு.

"மாத்துச் சட்டைய மறந்துடுவாரு, இத்த மட்டும் மறக்கமாட்டாரு. கல்யாணத்துக்குப் போறியா, கட போடப் போறியா?" என்று அவன் பெண்டாட்டி கஸ்தூரியம்மாள் கேட்காத நாள் இல்லை.

கல்யாண வீட்டில் விடிந்ததும் கொல்லைக் குழாயடியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவான். பெண் வீட்டார் யாராவது, "இன்னாபா, எங்க ஊர்ல சலூனு இல்லன்னு நென்ச்சியா?" என்று கிண்டல் செய்வார்கள். "உங்க ஊர்ல கீது. எங்க ஊர்லதான் எனக்கு இல்லாம இருந்துச்சு" என்பான். அவர்கள் சிரிப்பார்கள். அவன் சிரிக்கமாட்டான்.

என் அத்தை தெய்வநாயகிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் அர்ஜுனன், இளையவன் இந்த நீலமேகம். அர்ஜுனன் வெகு காலம் எங்கள் குப்பத்துக்குத் தலைவனாக இருந்தான். ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊர்தான் முறை வைக்கும். அதைப் பாடு என்போம். ஒரு வருஷம் நீலமேகம் காய்ச்சலில் கிடந்தபோது அவன் பாட்டை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். எழுந்து வந்து கேட்டான். ஊர்க்கூட்டத்தில் எடுபடவில்லை. நேரே பொன்னேரிக்குப் போய் வக்கீல் வைத்துக் கேஸ் போட்டான். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. ஊர் பேசி முடித்ததை ஊர் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. அவனை ஊர் தள்ளி வைத்தது. யாரும் பேசக் கூடாது, கடையில் சாமான் தரக் கூடாது, நாவிதர் தொடக் கூடாது. அதைக் கூட்டத்தில் எழுந்து சொன்னது அர்ஜுனன்தான்.

அந்த வருஷமே அவர்களுடைய நைனா, என் மாமா, செத்துப்போனார். கருமாதி அன்று ஏரிக்கரையில் நாவிதர் முதலில் அர்ஜுனன் தலையை மழித்தார். அடுத்தது நீலமேகம். குனிந்து உட்கார்ந்திருந்தான். நாவிதர் கத்தியைத் தாழ்த்திக்கொண்டு அர்ஜுனன் முகத்தைப் பார்த்தார்.

"அடுத்த ஆளப் பாருய்யா" என்றான் அர்ஜுனன்.

நீலமேகம் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தான். பிறகு எழுந்து தனியாகப் போய், ஒரு வெறும் பிளேடை விரலில் பிடித்துக்கொண்டு தன் தலையைத் தானே மழித்தான். ரத்தம் காதோரம் வழிந்தது. என் அத்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பேசினால் அவளையும் தள்ளி வைப்பார்கள்.

பின்னால் கேஸை வாபஸ் வாங்கி, கோயில் வாசலில் விழுந்து கும்பிட்ட பிறகு ஊர் அவனைச் சேர்த்துக்கொண்டது. மறுநாளே பொன்னேரி போய் இந்தச் சாமானெல்லாம் வாங்கி வந்தான். அன்றைக்கு வாங்கிய ரேசர்தான் இன்றைக்கும்.

அந்த நாவிதரின் மகன் பிரவீன் இப்போது பழவேற்காடு கடைத்தெருவில் ஏசி சலூன் வைத்திருக்கிறான். நல்ல பிள்ளை. "வா பெரிசு, புது நாற்காலி, சும்மா சுத்தும். துட்டு வாணாம்" என்று கூப்பிட்டான். "உங்கப்பன் தொடாத மூஞ்சிபா இது. நீயும் தொட வாணாம்" என்று நடந்துவிட்டான் நீலமேகம்.

போன வருஷம் அர்ஜுனனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மீஞ்சூரில் மகன் முத்துராஜ் வீட்டில் கிடக்கிறான். பேச்சு மட்டும் பழுதில்லை. முத்துராஜ் கம்பெனி வேலைக்குப் போய்விடுவான். சலூன்காரன் வீட்டுக்கு வரமாட்டேன் என்றுவிட்டான். தாடி கழுத்தை மறைக்க வளர்ந்தது. யாரும் கூப்பிடாமல் நீலமேகம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அதிலிருந்து ஞாயிறு தவறினதில்லை. ரத்த பாசம் என்றார்கள் ஊரில். என்னிடம் மட்டும் சொன்னான்: "தப்பு பண்ட்டேன்டா தம்பின்னு ஒரு வார்த்த சொல்லட்டும் மச்சான். அதுக்குத்தான் போறேன்."

போன ஞாயிறு நானும் கூடப் போனேன். பொன்னேரியில் ரயில் ஏறியதிலிருந்து பையை மடியைவிட்டு இறக்கவில்லை. மீஞ்சூர் வீட்டில் முத்துராஜின் மனைவி திவ்யா வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் முகத்தில் பொறுமையாக நுரை ஏற்றினான் நீலமேகம்.

"மீசையத் தொடாத" என்றான் அர்ஜுனன். படுத்துக் கிடந்தாலும் தலைவன்தான்.

ஒரு கன்னம் முடிந்தது. ரேசரைத் தண்ணீரில் அலசியபடியே நீலமேகம் கேட்டான்.

"அண்ணா, நைனா கருமாதியில என்ன வுட்டுட்டு அடுத்த ஆளப் பாக்கச் சொன்னியே. அது சரியா?"

"ஊர் முடிவு பண்ணுச்சு. நான் ஊரோட வாய், அவ்ளோதான்."

"ஊர வுடு. நீ சொல்லு."

"இன்னா சொல்ல சொல்ற? இன்னிக்குக் கேட்டாலும் அதான் சொல்வேன். கோர்ட்டுக்குப் போனது நீதானே?"

நீலமேகம் ரேசரைத் துடைத்தான். கழற்றினான். டப்பாவை மூடினான். பிரஷ்ஷை ஈரத்தோடேயே பையில் போட்டு எழுந்தான்.

திவ்யா ஓடிவந்தாள். "சின்ன மாமா, இந்தப் பக்கம் அப்படியே கீதே?"

"ஊர்கிட்ட சொல்லி ஆள் அனுப்பச் சொல்லும்மா."

அவன் செருப்பை மாட்டும் சத்தம் வாசலில் கேட்டது. என்னைப் பார்க்காமல், விழாத கையை மெல்லத் தூக்கி, நுரை இருந்த கன்னத்தைப் பொத்திக்கொண்டான் அர்ஜுனன்.